சர்வர் தானாக ரீபூட் ஆகிறதா? கெர்னல் அமைப்புகளைத் தொடும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஜூரோங்கிலும் தை செங்கிலும் இரவுப் பணியில் லினக்ஸ் சர்வர் பார்த்துக்கொள்கிறவர்கள், தேக்கா பக்கம் கடைக்குள் ஒற்றை சர்வரை வைத்து பில்லிங் ஓட்டுகிறவர்கள் என்று நம் ஆட்கள் நிறையப் பேர் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. என் கருத்து ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காரணம் தெரியாமல் கெர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) அமைப்பை மாற்றுவது கெடுதல். அமைப்புகளால் உங்களுக்குக் கிடைக்கும் முதல் பயன், அடுத்த முறை விழும்போது தடயத்தை விட்டுவிட்டு விழ வைக்கலாம் என்பதுதான்.

சர்வர் நடுராத்திரி தானாக ரீபூட் ஆகிவிட்டது. முதலில் எதைப் பார்ப்பது?

உண்மையிலேயே ரீபூட் ஆனதா என்று பாருங்கள். அப்டைம் கமாண்ட் போட்டால் பத்து வினாடியில் தெரிந்துவிடும். "சர்வர் விழுந்துவிட்டது" என்று வரும் அழைப்புகளில் கணிசமானவை ஒரு கன்டெய்னரோ (மெஷினுக்குள் தனியாக அடைத்து ஓட்டும் புரோகிராம்) ஜாவா புரோசஸோ மட்டும் செத்துப் பிழைத்த கதைதான். கன்டெய்னர் 137 என்ற எக்ஸிட் கோடுடன் போயிருந்தால் அது 128 கூட்டல் 9, அதாவது கில் சிக்னல். பெரும்பாலும் மெமரி வரம்பைத் தாண்டியதால் கொல்லப்பட்டிருக்கும், மெஷினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

ரீபூட் உண்மை என்றால் அடுத்த கேள்வி, அதைச் செய்தது யார்? வழி மூன்றுதான். ஆளோ கிரானோ (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் புரோகிராம்) தானியங்கி அப்டேட்டோ முறையாகக் கேட்டு, ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஒழுங்காக மூடித் திறந்திருக்கலாம். கெர்னலே பேனிக் ஆகி, அதாவது மீள முடியாத தவறில் மாட்டிக்கொண்டு, ரீபூட் செய்திருக்கலாம். இல்லையென்றால் கெர்னலுக்கே தெரியாமல் வெளியிலிருந்து யாரோ ரீசெட் அடித்திருக்கலாம்: மின்சாரம், வாட்ச்டாக் (மெஷின் பதில் தராவிட்டால் ரீசெட் அடிக்கும் டைமர்), கிளஸ்டர் (சேர்ந்து இயங்கும் சர்வர் கூட்டம்), ஹைப்பர்வைசர் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்) என்று அந்தப் பட்டியல் கொஞ்சம் நீளம்.

'லாஸ்ட் -எக்ஸ்' போட்டுப் பாருங்கள். ரீபூட் வரிக்குச் சற்று முந்தைய நேரத்தில் (புதியது மேலே வருவதால் அதற்குக் கீழே) ஷட்டவுன் என்று ஒரு வரி இருந்தால் முதல் வகை. அதை யார் கேட்டார்கள் என்று ஜர்னலிலும் (சிஸ்டம் லாக்) கிரானிலும் தேடினால் அநேகமாக ஆள் அகப்பட்டுவிடுவார். ஷட்டவுன் வரி இல்லாமல் நேராக ரீபூட் வரி மட்டும் இருந்தால் இரண்டாவதோ மூன்றாவதோ. ஆடிட் டீமன் (மெஷினில் நடப்பதைப் பதிவு செய்யும் சர்வீஸ்) ஓடுகிற மெஷினில் இதையே இன்னும் தெளிவாகப் பார்க்கலாம்: சிஸ்டம்_ஷட்டவுன் பதிவு இல்லாமல் அடுத்தடுத்து இரண்டு சிஸ்டம்_பூட் பதிவுகள் இருந்தால் முறையாக மூடவில்லை என்று அர்த்தம்.

போன பூட்டின் லாக் எதுவுமே இல்லையே?

ஜர்னல் டிஸ்க்கில் சேமிக்கப்படுகிறதா என்று பாருங்கள். சிஸ்டம்டி ஜர்னலின் இயல்பு நிலையில் /வார்/லாக்/ஜர்னல் என்ற அடைவு இருந்தால்தான் டிஸ்க்கில் எழுதும், இல்லாவிட்டால் மெமரியில் மட்டும் வைத்துக்கொண்டு ரீபூட்டோடு எல்லாம் போய்விடும். ஜர்னல்டி கான்ஃபிக்கில் ஸ்டோரேஜ் என்பதை பெர்சிஸ்டன்ட் என்று மாற்றி சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு 'ஜர்னல்சிடிஎல் --லிஸ்ட்-பூட்ஸ்' போட்டால் பழைய பூட்கள் வரிசையாக வரும், '-பி -1' போட்டால் போன பூட்டின் கடைசி வரி வரை படிக்கலாம்.

அந்தக் கடைசி வரிகளை ஒரு அளவுக்கு மேல் நம்பாதீர்கள். பேனிக் ஆகும் நொடியில் கெர்னலால் டிஸ்க்கில் எழுத முடியாது, ஆகவே உங்களுக்கு வேண்டிய அந்த வரி ஃபைலுக்கு வந்தே சேராது. சும்மா ஓடிக்கொண்டிருந்த லாக் பாதி வாக்கியத்தில் அறுந்து, அடுத்த வரி புது பூட்டாக இருந்தால் அதுவே ஒரு தகவல்: ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. அப்போது பார்க்கவேண்டிய இடம் சர்வருக்கு வெளியே இருக்கிறது.

வெளியே என்றால் எங்கே?

சர்வர் போர்டில் பிஎம்சி என்று ஒரு தனிக் குட்டிக் கணினி இருக்கிறதல்லவா, அதன் ஈவன்ட் லாக். 'ஐபிஎம்ஐடூல் செல் ஈலிஸ்ட்' போட்டு எடுங்கள். பவர் சப்ளை போனது, ஃபேன் நின்றது, திருத்த முடியாத மெமரி பிழை வந்தது, வாட்ச்டாக் ரீசெட் அடித்தது எல்லாம் அங்கேதான் பதிவாகும். 'சேசிஸ் ரீஸ்டார்ட்_காஸ்' என்ற கமாண்டும் உண்டு, பல மெஷின்களில் ரீஸ்டார்ட்டுக்குக் காரணத்தை ஒற்றை வரியில் சொல்லிவிடும்.

இங்கே நம்மூரில் ஒரு சிக்கல் அடிக்கடி வருகிறது. பிஎம்சி கடிகாரம் பெரும்பாலும் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும், சர்வர் சிங்கப்பூர் நேரத்தில் இருக்கும், நடுவில் எட்டு மணி நேரம். சர்வர் 15ஆம் தேதி அதிகாலை 3:12க்கு விழுந்தால் பிஎம்சி லாகில் அது 14ஆம் தேதி 19:12. ஆட்கள் 15ஆம் தேதியை மட்டும் தேடிவிட்டு "ஹார்ட்வேரில் ஒன்றுமில்லை" என்று டிக்கெட்டை மூடிவிடுவார்கள். போதாததற்கு பிஎம்சி கடிகாரம் சில நிமிடம் முன்பின்னாகவும் ஓடும். எனவே லாகைப் படிப்பதற்கு முன் இரண்டு கடிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கெர்னல் பேனிக் ஆனால் ரீபூட் ஆகத்தானே வேண்டும்?

இல்லை! அதை முடிவு செய்வது ஒரு அமைப்பு. கெர்னல்.பேனிக் என்பதன் மதிப்பு 0 என்றால் பேனிக் ஆன மெஷின் அப்படியே உறைந்து நிற்கும், யாராவது வந்து பட்டனை அழுத்தும் வரை. 10 என்றால் பத்து வினாடி கழித்து ரீபூட் ஆகும், எதிர்மறை எண் என்றால் உடனே. கெர்னலின் சொந்த இயல்பு மதிப்பு 0. அதனால் சர்வர் பேனிக் ஆகித் தானே எழுந்து வந்தது என்றால், யாரோ இந்த எண்ணை மாற்றியிருக்கிறார்கள், அல்லது கேடம்ப் (பேனிக்கின் தடயத்தைச் சேமிக்கும் ஏற்பாடு, கீழே வருகிறது) வேலை செய்து முடித்து ரீபூட் செய்திருக்கிறது.

அந்த "யாரோ" ஆளாக இருக்கவேண்டும் என்பதில்லை. குபர்நெட்டிஸ் (கன்டெய்னர்களைப் பல மெஷின்களில் ஓட்டி மேய்க்கும் மென்பொருள்) நோடாக, அதாவது அதன் கீழ் ஓடும் மெஷினாக இருந்தால், அங்கே ஓடும் குப்லெட் என்ற ஏஜென்ட் தன் இயல்பு நிலையில் கெர்னல்.பேனிக்கை 10 ஆகவும் கெர்னல்.பேனிக்_ஆன்_ஊப்ஸை 1 ஆகவும் தானே மாற்றி வைக்கும். ஊப்ஸ் என்பது கெர்னலுக்குள் நடந்த ஒரு தவறு. பல நேரங்களில் அந்த ஒரு புரோசஸை மட்டும் கொன்றுவிட்டுக் கெர்னல் தொடர்ந்து ஓடப் பார்க்கும். பேனிக்_ஆன்_ஊப்ஸ் 1 என்றால் அந்தப் பேச்சே இல்லை, நேராக பேனிக். ரெட் ஹாட் சர்வர்களிலும் இது 1 தான். ஆக அதே பழுதான டிரைவர் ஒரு மெஷினில் லாகில் நாலு வரி எழுதிவிட்டுப் போகும், குபர்நெட்டிஸ் நோடில் முழு மெஷினையும் ரீபூட் செய்யும். "புது கிளஸ்டருக்கு மாறியதிலிருந்து ஹார்ட்வேர் சரியில்லை" என்று சொல்வதற்கு முன் 'சிஸ்சிடிஎல்' (கெர்னல் அமைப்புகளைக் காட்டும், மாற்றும் கமாண்ட்) போட்டு இந்த இரண்டு எண்களையும் பாருங்கள்.

அதற்காக பேனிக்_ஆன்_ஊப்ஸை 0 ஆக்கிவிடச் சொல்லமாட்டேன். தவறு நடந்த கெர்னல் தொடர்ந்து ஓடினால் தப்பான டேட்டாவை டிஸ்க்கில் எழுதிவிட வாய்ப்புண்டு, டேட்டாபேஸ் சர்வரில் அந்த ஆபத்தை ஏற்கக்கூடாது. விழட்டும், ஆனால் ஏன் விழுந்தது என்ற பதிவோடு விழட்டும்.

அந்தப் பதிவை எப்படி எடுப்பது?

கேடம்ப். பூட் வரியில் கிராஷ்கெர்னல் என்று கொஞ்சம் மெமரியை ஒதுக்கி வைத்தால், பேனிக் ஆனதும் அந்த ஒதுக்கிய இடத்தில் இரண்டாவது கெர்னல் ஒன்று எழுந்து, செத்துப்போன கெர்னலின் மெமரியை /வார்/கிராஷ் அடைவில் விஎம்கோர் ஃபைலாக எழுதிவிட்டு ரீபூட் செய்யும். விஎம்கோரைப் பிரித்துப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பல டிஸ்ட்ரோக்களில் பக்கத்திலேயே டிமெஸ்ஜ் (கெர்னல் செய்திகள்) டெக்ஸ்ட் ஃபைல் ஒன்றும் இருக்கும், அதன் கடைசி ஐம்பது அறுபது வரி பெரும்பாலும் போதும்.

அதில் "டெய்ன்டட்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்துகளைக் கட்டாயம் பாருங்கள். ஓ என்றால் கெர்னலோடு வராத வெளி மாட்யூல் (கெர்னலுக்குள் ஏற்றும் துண்டு நிரல்), பி என்றால் மூடிய உரிமத்தில் வரும் மாட்யூல், எம் என்றால் ப்ராசசர் ஏற்கெனவே ஹார்ட்வேர் பிழை சொல்லியிருக்கிறது. கம்பெனியின் செக்யூரிட்டி ஏஜென்ட், பேக்கப் ஏஜென்ட் போன்றவை கெர்னலுக்குள் மாட்யூல் ஏற்றும் ரகமாக இருந்தால் அங்கேயும் சந்தேகப்படுங்கள். ஸ்டாக் டிரேஸில் (விழும்போது எந்த நிரல் ஓடியது என்ற பட்டியல்) அந்த மாட்யூலின் பெயர் மேல் வரிகளில் இருந்தால் விற்பனையாளரைக் கூப்பிட உங்கள் கையில் ஆதாரம் இருக்கிறது.

கேடம்பை நிறுவியதோடு விடாதீர்கள். பராமரிப்பு நேரம் வாங்கிக்கொண்டு, சிஸ்ஆர்க்யூ டிரிகர் ஃபைலில் (கெர்னலுக்கு நேரடியாகக் கட்டளை கொடுக்கும் வழி) 'சி' என்று எழுதி மெஷினை வேண்டுமென்றே விழ வைத்து, ஃபைல் உருவாகிறதா என்று கண்ணால் பாருங்கள். ஒதுக்கிய மெமரி போதாமல் இரண்டாவது கெர்னலே பாதியில் செத்துப்போவது பெரிய மெஷின்களில் நிறைய நடக்கிறது.

கேடம்ப் முடியாத இடத்தில் நெட்கன்சோல் இருக்கிறது, கெர்னல் செய்திகளை யுடிபி வழியே பக்கத்து மெஷினுக்கு அனுப்பிவிடும், இயல்பாக 6666 போர்ட்டுக்கு. சீரியல் கன்சோலை பிஎம்சி வழியாகப் பதிவு செய்வதும் நல்ல வழி.

லாகில் "சாஃப்ட் லாக்கப்", "120 வினாடிக்கு மேல் பிளாக்" என்றெல்லாம் வருகிறதே, ரெண்டும் ஒன்றா?

வேறு வேறு. ஒரு சிபியு கெர்னலுக்குள் மாட்டிக்கொண்டு வேறு எதற்கும் இடம் கொடுக்காமல் நின்றால் சாஃப்ட் லாக்கப், இயல்பாக 20 வினாடியில் எச்சரிக்கை வரும் (வாட்ச்டாக்_த்ரெஷ் 10, அதன் இருமடங்கு). ஒரு புரோசஸ் டிஸ்க்குக்கோ நெட்வொர்க் ஸ்டோரேஜுக்கோ காத்திருந்து 120 வினாடி அசையாமல் இருந்தால் ஹங் டாஸ்க்.

இரண்டும் வெறும் எச்சரிக்கை. கெர்னல்.சாஃப்ட்லாக்கப்_பேனிக், கெர்னல்.ஹங்_டாஸ்க்_பேனிக் இரண்டில் ஒன்று 1 ஆக இருந்தால்தான் ரீபூட் வரை போகும். விர்ச்சுவல் மெஷினில் சாஃப்ட்லாக்கப்_பேனிக்கை 1 ஆக்கி வைப்பது எனக்குச் சம்மதமில்லை. ராத்திரி ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது ஹைப்பர்வைசர் மெஷினை அரை நிமிடம் நிறுத்தி வைத்தால், உள்ளே இருக்கும் கெர்னல் சிபியு மாட்டிக்கொண்டது என்று நினைத்து பேனிக் ஆகலாம். வாரா வாரம் ஒரே நேரத்தில் ரீபூட் என்றால் பேக்கப் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மெமரி தீர்ந்தால் சர்வர் ரீபூட் ஆகுமா?

இயல்பாக ஆகாது. ஓஓஎம் (மெமரி தீர்ந்துபோன நிலை) கில்லர் ஒரு புரோசஸைக் கொல்லும், மெஷின் பிழைக்கும். விஎம்.பேனிக்_ஆன்_ஓஓஎம் 1 அல்லது 2 என்று இருந்தால் மட்டும் பேனிக்.

நெட்டில் கிடைத்த "பெர்ஃபார்மன்ஸ் டியூனிங்" பட்டியலை அப்படியே போட்டால் என்ன?

போடாதீர்கள். அந்த நாற்பது வரிகளில் பாதி வேறொருவருடைய மெஷினுக்கு, வேறொரு காலத்தில் எழுதியவை. டிசிபி_டிடபிள்யூ_ரீசைக்கிள் இன்னும் சில பட்டியல்களில் இருக்கிறது. நேட் (பலர் ஒரே ஐபி முகவரியைப் பகிரும் ஏற்பாடு) ஒன்றுக்குப் பின்னாலிருந்து வரும் வாடிக்கையாளர்களின் இணைப்புகளைக் கண்டபடி கைவிட்ட அமைப்பு அது, 4.12 கெர்னலிலேயே எடுத்துவிட்டார்கள். சோமேக்ஸ்கானை (காத்திருக்கும் இணைப்புகளின் வரிசை நீளம்) 128லிருந்து உயர்த்துங்கள் என்று எழுதியிருப்பார்கள், 5.4 முதல் அதன் இயல்பே 4096.

உண்மையில் கவனிக்கவேண்டியது விஎம்.டர்ட்டி_ரேஷியோ. இது டிஸ்க்குக்குப் போகாத டேட்டா மெமரியில் எவ்வளவு சேரலாம் என்ற வரம்பு, இயல்பாக 20 சதவீதம். 256 ஜிபி மெஷினில் 200 ஜிபி காலியாகவோ மீட்கக்கூடியதாகவோ இருந்தால் 20 சதவீதம் என்பது 40 ஜிபி. டிஸ்க் வினாடிக்கு 200 எம்பி எழுதும் என்று வையுங்கள், அந்தக் குவியலைக் கரைக்க 200 வினாடி. நடுவில் எஃப்சிங்க் (டிஸ்க்கில் எழுதி முடித்ததை உறுதி செய்யச் சொல்லும் அழைப்பு) கேட்கிற டேட்டாபேஸ் அவ்வளவு நேரம் காத்திருக்க நேர்ந்தால் 120 வினாடி எச்சரிக்கை வந்துவிடும், ஹங்_டாஸ்க்_பேனிக் 1 என்றால் மெஷினே போய்விடும். அதே எண் 8 ஜிபி மெஷினில் யாருக்கும் தொந்தரவில்லாமல் ஓடியிருக்கும். பெரிய மெஷின்களில் சதவீதத்தை விட்டுவிட்டு டர்ட்டி_பைட்ஸ், டர்ட்டி_பேக்ரவுண்ட்_பைட்ஸ் என்று நேரடி அளவாகக் கொடுங்கள். டிஸ்க் சில வினாடிகளில் எழுதி முடிக்கும் அளவு எதுவோ அதுதான் சரியான அளவு.

ஹியூஜ் பேஜ் (பெரிய துண்டுகளாகத் தனியே வைக்கும் மெமரி) ஒதுக்கீட்டிலும் கணக்கு முக்கியம். ஒதுக்கியதை மற்ற புரோசஸ்கள் சாதாரண மெமரியாகத் தொட முடியாது, அதனால் 64 ஜிபி மெஷினில் டேட்டாபேஸுக்கென்று 56 ஜிபியை ஒதுக்கினால் மீதி எல்லாமே 8 ஜிபிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு ஓஓஎம் வரும். மின்_ஃப்ரீ_கேபைட்ஸை (கெர்னல் எப்போதும் காலியாக வைக்கும் மெமரி) தாராளமாக ஏற்றினாலும் இதே கதிதான். ஸ்வாப்பினஸ் (மெமரியில் இருப்பதை டிஸ்க்குக்குத் தள்ள கெர்னல் எவ்வளவு முனையும் என்ற எண்) 60ஐ 10 ஆக்குவது பற்றி ஆட்கள் மணிக்கணக்கில் வாதாடுகிறார்கள், ரீபூட்டுக்கு அது காரணமாக இருப்பது அபூர்வம்.

மாற்றிய அமைப்பு ரீபூட்டுக்குப் பிறகு காணாமல் போகிறது, ஏன்?

'சிஸ்சிடிஎல் -டபிள்யூ' தற்காலிகம். /ஈடிசி/சிஸ்சிடிஎல்.டி அடைவில் ஃபைலாக வைத்து 'சிஸ்சிடிஎல் --சிஸ்டம்' ஓட்டுங்கள். ஃபைல்கள் பெயர் வரிசையில் படிக்கப்படும், ஒரே அமைப்பு இரண்டு ஃபைலில் இருந்தால் கடைசியில் வருவதுதான் நிற்கும், அதனால் முன்னால் எண் போட்டுப் பெயர் வையுங்கள். பிரிட்ஜ் (மெஷினுக்குள் இருக்கும் நெட்வொர்க் சுவிட்ச்) சம்பந்தப்பட்ட அமைப்புகள் பிஆர்_நெட்ஃபில்டர் மாட்யூல் ஏறும் வரை இருக்கவே இருக்காது, முதலில் மாட்யூலை ஏற்ற ஏற்பாடு செய்யுங்கள். கன்டெய்னருக்குள்ளிருந்து மாற்றுகிறவர்களுக்கு: நெட்வொர்க் அமைப்புகள் பெரும்பாலும் கன்டெய்னருக்குத் தனி, 'விஎம்.' என்று தொடங்கும் மெமரி அமைப்புகள் முழு ஹோஸ்ட்டுக்கும் பொது.

எங்கள் கடையில் ஒரே ஒரு சர்வர். பேனிக்கும் இல்லை, லாகும் இல்லை, வாரத்தில் ஒரு நாள் ரீபூட்.

மின்சாரத்தைப் பாருங்கள். கடையில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரன்ட்டை நிறுத்தும் சுவிட்ச்) டிரிப் ஆகி யாரோ தூக்கிவிட்டிருப்பார்கள், ஃப்ரிட்ஜும் விளக்கும் வந்துவிடும், அந்த விஷயம் உங்கள் காதுக்கு வரவே வராது. பயாஸில் கரன்ட் வந்ததும் என்ன செய்வது என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அது "பழைய நிலைக்குத் திரும்பு" என்றிருந்தால் சர்வர் தானே எழுந்து நிற்கும். பார்க்கிறவருக்கு அது தானாக ரீபூட் ஆனது போலத்தான் தெரியும். அப்புறம் சுவர் சாக்கெட்டுக்கே சுவிட்ச் இருக்கிற ஊர் இது, கூட்டித் துடைக்க வருகிறவர் கை பட்டாலும் போதும். சாதாரண யுபிஎஸ் ஒன்றை வாங்கி யுஎஸ்பி கேபிளால் சர்வரோடு இணைத்தால் மின்தடை நேரம் லாகில் வந்துவிடும், காரணமும் தெரியும், ரீபூட்டும் நின்றுவிடும்.

வெப்பமும் அப்படித்தான். இரவு பத்து மணிக்கு கடையடைத்து ஏர்கானை நிறுத்துகிற அறையில் சர்வர் ஓடினால் ப்ராசசர் வெப்ப வரம்பைத் தொட்டு ஹார்ட்வேரே சட்டென்று நிறுத்திவிடும், லாக் எழுத நேரமிருக்காது. பெரிய டேட்டா சென்டர்கள் 26 டிகிரிக்கும் மேல் ஓடலாம் என்று 2023இல் இங்கே ஒரு தரநிலையே வந்தது, ஆனால் அது காற்றோட்டத்தைக் கணக்குப் போட்டுக் கட்டிய இடத்துக்கு. கவுன்டருக்கு அடியில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே இருக்கும் சர்வருக்குப் பொருந்தாது.

மெமரி ஸ்டிக்கையும் விட்டுவிடாதீர்கள். ஈசிசி மெமரி ஒரு பிட் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும், இரண்டு பிட் போனால் திருத்த முடியாமல் பேனிக். ராஸ்டீமனை (ஹார்ட்வேர் பிழைகளைப் பதியும் புரோகிராம்) ஓட்டி வைத்தால் திருத்திய பிழைகளை ஸ்லாட் வாரியாகக் கணக்கு வைத்திருக்கும், ஒரே ஸ்லாட்டில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள்.

கிளஸ்டரில் ஒரு நோடு மட்டும் அடிக்கடி போகிறது.

முதல் சந்தேகம் ஃபென்சிங். மற்ற நோடுகளுக்கு இதன் குரல் கேட்கவில்லை என்றால், ஒரே டேட்டாவை இருவர் எழுதிவிடக்கூடாது என்பதற்காக வேண்டுமென்றே இதன் பவரை வெட்டுவார்கள். விழுந்த நோடில் லாக் இருக்காது, பிழைத்த நோடின் பேஸ்மேக்கர் (கிளஸ்டரை நடத்தும் மென்பொருள்) லாகில்தான் இருக்கும். ஆரக்கிள் கிளஸ்டர் என்றால் நெட்வொர்க் இதயத்துடிப்பு 30 வினாடி நின்றாலே நோடு வெளியேற்றப்படும். அந்த 30 வினாடியைக் கூட்டுவதற்கு முன் சுவிட்ச் போர்ட்டைப் பாருங்கள். ஹார்ட்வேர் வாட்ச்டாக் அடித்ததா என்பதை 'டபிள்யூடிசிடிஎல்' காட்டும்.

கிளவுடில் இருக்கிறோம், பிஎம்சி எல்லாம் கைக்கு எட்டாது.

சிங்கப்பூர் ரீஜனில் ஓடினாலும் வேறெங்கு ஓடினாலும், அடியில் இருக்கும் ஹோஸ்ட் விழுந்தால் உங்கள் லாகில் ஒன்றும் வராது. அமேசானில் ஷெட்யூல்டு ஈவன்ட்டும் ஸ்டேட்டஸ் செக் வரலாறும், கூகுளில் ஆடிட் லாகில் ஹோஸ்ட்எரர் என்ற பதிவும் பாருங்கள். சீரியல் கன்சோல் வெளியீட்டை எடுத்து வைத்தால் பேனிக் செய்தியும் கிடைக்கும்.

அப்டைம் அதிகமாக இருந்தால் நல்லதுதானே?

பெருமைப்பட ஒன்றுமில்லை. 2.6.32 கால கெர்னல்களில் ஒரு கடிகாரக் கணக்கு 208.5 நாளில் நிரம்பி வழிந்து மெஷின் விழும், ஒரே நாளில் பூட் செய்த சர்வர்கள் ஒரே நாளில் விழுந்தால் இப்படி ஒன்றைத்தான் தேடவேண்டும். 2012 ஜூலை 1 ஞாயிறு காலை நமக்கு எட்டு மணிக்கு லீப் செகண்ட் (கடிகாரத்தில் கூட்டும் ஒரு கூடுதல் வினாடி) சேர்ந்தபோது உலகம் முழுக்க லினக்ஸ் சர்வர்கள் சிபியு முழுவதும் எரிந்து திணறின. எங்கள் காலை எட்டு மணிதான் யுடிசி நள்ளிரவு, இதையும் தேதி பார்க்கும்போது மனதில் வையுங்கள்.

வங்கி வேலை. மேலதிகாரி "ரூட் காஸ் என்ன" என்று நெருக்குகிறார்.

நெருக்கத்தான் செய்வார். முக்கியமான சிஸ்டம் பாதிக்கப்பட்டால் சிங்கப்பூர் நாணய ஆணையத்துக்கு ஒரு மணி நேரத்தில் தகவல், 14 நாளில் காரண அறிக்கை என்பது விதி. அதனால் விழுந்த உடனே, எதையும் மாற்றுவதற்கு முன், பிஎம்சி லாக், போன பூட் ஜர்னல், சிஸ்சிடிஎல் முழுப் பட்டியல், கெர்னல் வெர்ஷன், விஎம்கோர் இவ்வளவையும் வேறொரு மெஷினுக்கு நகலெடுங்கள். காரணம் தெரியாவிட்டால் "தெரியவில்லை, இன்னின்ன சாத்தியங்களை இன்ன ஆதாரத்தால் நீக்கியிருக்கிறோம், அடுத்த முறை பிடிக்க இதை வைத்திருக்கிறோம்" என்று எழுதுங்கள். "கெர்னல் அமைப்பைச் சரிசெய்தோம்" என்று எழுதிவிட்டு அடுத்த வாரம் மறுபடி விழுந்தால் உங்கள் பேச்சை யார் நம்புவார்கள்?

மூன்று அமைப்பை மாற்றினேன், இரண்டு வாரமாக ரீபூட் இல்லை. சரியாகிவிட்டதா?

முன்பு எத்தனை நாளுக்கு ஒரு முறை விழுந்தது? மாதம் ஒரு முறை விழுந்த மெஷின் இரண்டு வாரம் நிற்பது எதையும் காட்டாது. மூன்றையும் சேர்த்து மாற்றியதால் எது உதவியது என்றும் தெரியாது. இரண்டை பழையபடி வைத்துவிட்டு ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள், கேடம்ப் ஓடிக்கொண்டே இருக்கட்டும், வழக்கமான இடைவெளியைப் போல மூன்று மடங்கு காலம் கடந்த பிறகு டிக்கெட்டை மூடலாம்.